வீசிங் சத்தம் நின்றுவிட்டதாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளிக்கு மறுநாள் மாலை, ஆஸ்துமா உள்ள என் தம்பிக்கு இளைப்பு கூடிவிட்டது. 44 வயது, அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறான். (பட்டாசுப் புகையைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். அது இருக்கட்டும்.) பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் மூன்று முறை நெபுலைசர் வைத்து, ஆக்சிஜனும் மாட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் வீசிங் சத்தம் அடங்கிவிட்டது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 97 சதவீதம். "சத்தமே இல்லை பாருங்கம்மா, தூங்குறார்" என்றார் டியூட்டி டாக்டர். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

31 வருடம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவள் நான். காற்று கொஞ்சமாவது போய் வந்தால்தான் விசில் கேட்கும். போக்குவரத்தே குறைந்துவிட்டால் நெஞ்சு ஊமையாகிவிடும். தூக்கம் என்று அவர் சொன்னது, மூச்சு இழுத்து இழுத்து ஓய்ந்துபோன மயக்கம். 97 என்பது ஆக்சிஜன் மாஸ்க் தயவில் வந்த எண். கரியமிலவாயு வெளியே போகிறதா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்கு மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை அளக்கும் ஏபிஜி சோதனை பார்க்க வேண்டும்.

சண்டை போட்டு எடுக்கவைத்தேன். கரியமிலவாயு 42. "35-லிருந்து 45 வரை நார்மல்தானே?" என்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் எனக்கு நார்மல்தான். இளைப்பில் வேகவேகமாக மூச்சு வாங்குகிறவனுக்கு அது 35-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஏறி 42-க்கு வந்தால் மூச்சுத் தசைகள் கைவிடுகின்றன என்று பொருள். அன்றிரவே பெரிய மருத்துவமனைக்கு மாற்றினோம். விடிவதற்குள் வெண்டிலேட்டர்.

இதில் என் தப்பும் உண்டு. 2016-லேயே அவனுக்கு ஒருமுறை வெண்டிலேட்டர் வைத்திருந்தார்கள். அப்படி ஒருமுறை போய் வந்தவருக்கு அடுத்த முறையும் அந்த நிலை வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இந்த முறை அதை யாரும் கேட்கவில்லை. பதற்றத்தில் நானும் சொல்லவில்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் அது மூன்றாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரியாகக் கிடந்தது. அதை முதல் பக்கத்தில், சிவப்பு மையில், தமிழில் எழுத எல்லா மருத்துவமனைகளுக்கும் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். காசு செலவாகும் வேலையா இது?

அப்புறம், இளைப்பு வந்ததும் உடனே அடக்க இழுக்கும் அந்த நீல இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதலைத் தரும் ஜினா அமைப்பு, வருடத்துக்கு மூன்று டப்பாவோ அதற்கு மேலோ தீர்ந்தாலே எச்சரிக்கை என்கிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. என் தம்பி மாதம் ஒன்று வாங்கிக்கொண்டிருந்தான். கடைக்காரர் ஒரு நாளும் சீட்டு கேட்டதில்லை. தடுப்பு இன்ஹேலரோ பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். "ஆஸ்துமா. இருமுறை வெண்டிலேட்டர்" என்று நானே ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். சட்டைப் பையில் பேனாவோடு வைத்திருக்கிறான்.

– ஓய்வுபெற்ற செவிலியர், கும்பகோணம்