ஓடிப்போனவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் வீட்டுப் பக்கத்தில், ஒப்பந்தம் முடியுமுன்னே வீட்டைக் காலி செய்கிறவர்களை ஓடுகாலிகள் என்று எழுதியிருந்தீர்கள். கையிலிருந்த கோப்பி ஆறிப்போயிற்று. நானும் ஓடியவள்தான். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியிலிருந்து, குடிபோன ஒன்பதாவது மாதத்தில், அறுபத்திரண்டு வயதில், முட்டிவலியோடு ஓடினேன்.

மாத வாடகை 1,300 ரிங்கிட். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று 3,250 ரிங்கிட் எண்ணிக் கொடுத்த பிறகுதான் சாவி கைக்கு வந்தது. ஒப்பந்தத்துக்கு முத்திரை வைக்கும் ஸ்டாம்பிங் செலவும் எங்கள் தலையில். நான்காவது மாதம் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் படுக்கையறை சீலிங்கில் இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு பழுப்பு வட்டம், அப்புறம் பூசணம். என் கணவருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. ராத்திரி வாளி வைத்துப் படுத்தோம். சொட்டுச் சத்தம் கேட்காமலிருக்க வாளிக்குள் பழைய துண்டைப் போட்டது அவர் யோசனை.

வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பினேன். பார்க்கிறேன் அம்மா என்றார். பார்த்தார்தான், இரண்டு நீல டிக்கும் சாட்சி. 200 ரிங்கிட்டுக்கு உட்பட்ட ரிப்பேர் எங்கள் செலவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அவர் அனுப்பிய துக்காங், அதாவது ரிப்பேர்காரர், மூன்று முறை வந்தார், மூன்று முறையும் பில் 190. என்ன ஒரு கணக்குச் சுத்தம்! உடைசல் மேல்வீட்டில், சிலிகான் பூச்சு எங்கள் வீட்டில். அடுத்த வாரமே மறுபடி சொட்டும். நிர்வாக அலுவலகத்துக்குப் போனால், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்றார்கள்.

மாடிக்கு மாடி தண்ணீர் கசிந்தால், புகார் வந்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும், மேல்வீடுதான் காரணம் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும் அதன் விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. காலி செய்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. உங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்காது. ஓடுகாலிகளைப் பற்றி எழுதியதில் இடம் போதவில்லை போலும்.

எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தேன், வீட்டைக் கழுவித் துடைத்தேன், சாவியை நேரில் ஒப்படைத்தேன். டெபாசிட்டில் ஒரு காசு திரும்பவில்லை. பூசணத்தின் மேல் சாயம் அடிக்க இன்னும் 400 ரிங்கிட் வேண்டுமாம்.

வாடகை என்றாலே எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று கிளம்பிவிடும். நான் பிறந்து வளர்ந்தது ஜோர்ஜ்டவுனில், லெபோ பினாங்கு தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில். இஷ்டத்துக்கு வாடகையை ஏற்றவிடாத வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருந்த வீடு. அப்பா ஒரு மாதம்கூடத் தவணை தப்பியதில்லை. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள், 1999 கடைசியோடு அவகாசமும் முடிந்தது, எங்களையும் கிளப்பிவிட்டார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு எங்கள் தெரு வழியாக வரும் முருகனின் வெள்ளி இரதத்தை முதல்முறையாகத் தெருவில் நின்று பார்த்தேன், எங்கள் சன்னல் பூட்டியிருந்தது. 2008இல் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானது. இப்போது அந்த மாடியில் ஓர் இரவு தங்க, அப்பா அரை வருடம் கட்டிய வாடகையைக் கேட்கிறார்கள். எங்களைக் கிளப்பியவர்களுக்கு மட்டும் ஒரு பட்டப்பெயரும் கிடைக்கவில்லை.

வாடகை பாக்கி வைத்தால் நீதிமன்ற ஆணையோடு வந்து கட்டில் பீரோவைத் தூக்கிப்போக 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சீலிங் ஒழுகினால் வாடகைக்காரர் எதைத் தூக்குவது? வாளியையா? வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச்சட்டம் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறார்கள். நீங்களே எத்தனை முறை செய்தி போட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, நான் கேட்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. 5,000 ரிங்கிட் வரைக்கும் வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு போடலாம், படிவம் 198. என் 3,250 அதற்குள் அடங்கும். அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவதென்று தமிழில் ஒரு கால் பக்கம் போடுங்கள். முடிந்தால் ஓடுகாலி என்ற அந்தச் சொல்லையும் திருத்துங்கள்.

என் பெயரை மட்டும் போட வேண்டாம். புது வீட்டுக்காரரும் உங்கள் பத்திரிகைதான் படிக்கிறார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
பினாங்கு