ழான் வான் டி வெல்டுக்கு: அந்த ஏழாவது ஷாட்டைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ழான் வான் டி வெல்ட் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு கோல்ஃப் ஆட்டக்காரரான உங்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லாரும் நேராக அந்த ஓடையில்தான் போய் இறங்குகிறார்கள். பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு, பேரி பர்ன் என்ற அந்த ஓடைத் தண்ணீருக்குள் நீங்கள் நிற்கிற அந்தப் படம். நெருக்கடியில் மனுஷனுக்குப் புத்தி எப்படிக் கலங்கும் என்று யாராவது கட்டுரை எழுதினால் மேலே அந்தப் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் பேச வந்தது அதற்குச் சற்று நேரம் கழித்து நடந்ததைப் பற்றி.

1999 ஜூலை 18, கார்னூஸ்டி, பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி ஹோல். பங்கர் என்ற மணல் பள்ளத்திலிருந்து நீங்கள் எடுத்துப் போட்ட பந்து குழிக்கு ஏழெட்டு அடி தள்ளி நிற்கிறது. ஆறு ஷாட் ஆகிவிட்டது. சற்று முன்புவரை உங்களுடையது என்று எல்லாரும் நினைத்திருந்த கோப்பை கைநழுவிவிட்டது. ஏழாவதில் பந்தை உள்ளே உருட்டினால் பால் லாரி, ஜஸ்டின் லெனர்ட் இருவரோடும் சமன் செய்து பிளே-ஆஃப் என்ற கூடுதல் ஆட்டம் ஆடலாம். உருட்டாவிட்டால் அதுவும் போச்சு. அந்தத் தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்’ ஷாட்டைத் தொழில்முறை ஆட்டக்காரர்களே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் போடுவார்கள். நீங்கள் போட்டீர்கள். போட்டுவிட்டு முஷ்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்து விட்டீர்கள்.

நரம்பு அறுந்துபோனவன் போடுகிற பட் அது இல்லை.

கோல்ஃப் பக்கமே போகாத வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உலகத் தரவரிசையில் 152ஆம் இடத்தில் இருந்தவர் நீங்கள். தகுதிச் சுற்று ஆடித்தான் போட்டிக்குள்ளேயே வந்தீர்கள். குறைந்த ஷாட்டில் முடிக்கிறவர் ஜெயிக்கிற இந்த ஆட்டத்தில் மூன்று நாள் முடிவில் உங்களுக்கு ஐந்து ஷாட் முன்னிலை. 1907இல் அர்னோ மாஸி ஜெயித்த பிறகு எந்த பிரெஞ்சுக்காரரும் தொடாத கோப்பை அது. கடைசி நாள் கடைசி ஹோலுக்கு வரும்போது முன்னிலை மூன்றாகக் குறைந்திருந்தது. அந்த ஹோலுக்கான பார், அதாவது அதை முடிக்க வகுத்த ஷாட் கணக்கு, நான்கு. நீங்கள் ஆறு எடுத்தாலே கோப்பை உங்களுக்கு. எடுத்தது ஏழு. பிளே-ஆஃபில் லாரி ஜெயித்தார். காலையில் உங்களைவிடப் பத்து ஷாட் பின்தங்கியிருந்தவர் அவர்.

ஹோல் தொடங்குகிற டீயிலிருந்து, ரொம்பத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை எடுத்ததற்கே உங்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகி 17ஆவது ஹோலின் நிலத்தில் விழுந்தது, ஆனால் தண்ணீரில் விழவில்லை. அடிக்கத் தோதான புல்லில்தான் கிடந்தது. அங்கிருந்து வெட்ஜ் என்ற குறுந்தூர மட்டையால் பந்தை ஓடைக்கு இந்தப்பக்கமே பத்திரமாக நிறுத்தியிருக்கலாம் என்பதுதான் எல்லாரும் சொல்கிற பாடம். நீங்கள் நெடுந்தூரம் அடிக்கும் டூ அயர்ன் மட்டையை எடுத்து, குழி இருக்கிற பச்சைத் திடலை நோக்கி அடித்தீர்கள். நான் உங்கள் பக்கம். வாரம் முழுக்க எப்படி ஆடி முன்னிலைக்கு வந்தீர்களோ அப்படித்தான் அந்த ஷாட்டையும் ஆடினீர்கள். அது ரொம்ப மோசமான ஷாட்டும் இல்லை. வலது பக்கப் பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டது. மேடைக்குள்ளேயே தங்கியிருந்தால் விதிப்படி அபராதமில்லாமல் பந்தை எடுத்து வேறிடத்தில் போட்டு ஆடியிருப்பீர்கள், கதை முடிந்திருக்கும். அது கம்பியில் பட்டு, ஓடையின் கல்சுவரில் பட்டு, அங்கிருந்து பின்னால் எகிறி, முழங்கால் உயரப் புல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. இப்படி ஒரு துள்ளலை யார் கணக்குப் போட முடியும்?

என் சந்தேகமெல்லாம் மூன்றாவது ஷாட்டின் மேல்தான்.

அந்தப் புல்லில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆகிவிட்டது. பக்கவாட்டில் வெட்டி, புல்லை ஒட்ட வெட்டிய ஃபேர்வேயில் போட்டால் மூன்று. அங்கிருந்து ஓடையைத் தாண்டிப் பச்சையில் நிறுத்தினால் நான்கு. இரண்டு பட். மொத்தம் ஆறு, கோப்பை உங்களுக்கு. அந்தப் புல்லிலிருந்து பக்கவாட்டில் வெட்டுவதும் சுலபமில்லை, தெரியும். ஆனாலும் நேரே ஓடையைத் தாண்டி அடிப்பதற்கு அது எவ்வளவோ மேல். நீங்கள் நேரேதான் அடித்தீர்கள். புல் மட்டையைச் சுற்றிக்கொண்டது, பந்து தவளை மாதிரி எம்பிக் குதித்து ஓடையில் விழுந்தது.

இதற்குப் பெயர் பதற்றம் என்றால் அது எந்த வகைப் பதற்றம்? கோல்ஃபில் நெருக்கடி இரண்டு இடத்தில் தாக்குகிறது. ஒன்று கை, இன்னொன்று கணக்கு. பொதுவாக எல்லாரும் பேசுவது கையைப் பற்றி. 1970இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் டக் சாண்டர்ஸ் கடைசி ஹோலில் இரண்டரை அடி பட் ஒன்றைப் போட்டால் ஓப்பன் அவருக்கு. பந்துக்கு முன்னால் நின்றுவிட்டார். அப்புறம் ஏதோ கல் கிடக்கிறது என்று குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர், விலகி வந்து முதலிலிருந்து தயாராகாமல், நின்ற வாக்கிலேயே தட்டினார். பந்து வலப்பக்கம் போய்விட்டது. மறுநாள் பிளே-ஆஃபில் ஜாக் நிக்லஸ் ஒரே ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024இல் பைன்ஹர்ஸ்டில் ரோரி மெக்கில்ராய் யு.எஸ். ஓப்பனை விட்டதும் அநேகமாக அதே தூரத்தில்தான். 16ஆவது ஹோலில் இரண்டரை அடி. அப்புறம் 18இல் நாலடிக்கும் குறைவான இன்னொன்று.

இரண்டரை அடி பட்டுக்குத் திறமை எதுவும் வேண்டாம், ஆயிரக்கணக்கில் போட்டுப் பழகிய கைக்கு அது தானாக வரும். சிக்கலே அங்குதான். தானாக வருவதை மனசு மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தால் கை குழம்பிவிடும். சியான் பைலாக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் பட்டிங்கை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். அனுபவசாலிகளிடம் மட்டையின் அசைவைக் கவனித்துக்கொண்டே ஆடு என்றால் மோசமாக ஆடினார்கள். சம்பந்தமில்லாத வேறு வேலை ஒன்றைக் கொடுத்து மனசைத் திருப்பியபோது அதைவிட நன்றாக ஆடினார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நேர்மாறு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் ஒரே சடங்கைச் செய்வதும் இதனால்தான். பந்துக்குப் பின்னால் நிற்பது, குறி பார்ப்பது, மட்டையை ஓங்கிப் பார்ப்பது, அடிப்பது. மனசுக்குக் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அது மணிக்கட்டில் போய் மூக்கை நுழைக்காது. சாண்டர்ஸ் விட்டது அந்தச் சடங்கைத்தான்.

உங்கள் விஷயம் இது இல்லை. உங்கள் கை கடைசிவரை சரியாகவே இருந்தது. போனது கணக்கு. இந்த ஆட்டத்தில் பந்து சும்மா கிடக்கிறது. கிரிக்கெட்டில் பந்து பாய்ந்து வரும், யோசிக்க நேரமிருக்காது, கண் பார்த்ததும் கை போகும். இங்கே நாலு மணி நேர ஆட்டத்தில் உண்மையில் அடிக்கிற நேரம் சில நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் நடை. அந்த நடையில் மனசு முன்னாடியும் போகும், பின்னாடியும் போகும். அந்தப் புல்லுக்கு நடந்து போகும்போது உங்கள் மனசு எங்கே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒரு ஊகம் உண்டு. அது இன்னும் அந்தக் கம்பியில்தான் இருந்திருக்கும். சற்று முன் பறிபோனதை உடனே திருப்பி எடுக்கவேண்டும் என்கிற வேகம். மூன்று ஷாட் முன்னிலை என்பது கையில் இருக்கும் காசு, செலவழிக்கலாம். அந்த வேகத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பக்கவாட்டில் ஒரு ஷாட்டைச் செலவழிக்க மனசு வரவில்லை.

இப்படிப் பார்த்தால், ஊரே சிரிக்கிற அந்த ஓடைக் காட்சி எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. பந்து தண்ணீருக்கு மேலே பாதி தெரிந்ததால் அடித்துவிடலாம் என்று இறங்கினீர்கள். நின்றீர்கள், பார்த்தீர்கள், பந்து அமிழ்ந்துகொண்டே போனது. கடைசியில் வேண்டாம் என்று ஏறி வந்து, ஒரு ஷாட் அபராதத்தை ஏற்றுக்கொண்டு, பந்தை வெளியே போட்டு ஆடும் டிராப் எடுத்தீர்கள். அந்த ஹோலில் நீங்கள் நிதானமாக யோசித்து எடுத்த முதல் முடிவு அதுதான் என்று சொல்வேன். மூன்றாவது ஷாட்டுக்கு முன் கிடைத்திருக்கவேண்டிய அவகாசம் தண்ணீருக்குள் கிடைத்தது. டெலிவிஷன் வர்ணனையாளர்கள் அந்த நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் உங்களைச் சும்மா விடவில்லை. ஐந்தாவது ஷாட் பங்கரில் விழுந்தது. கூட ஆடிய கிரெய்க் பாரியின் பந்தும் அதே பங்கரில். அவர் முதலில் அடித்தார், மணலிலிருந்து நேராகக் குழிக்குள். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து நீங்கள் அடிக்கவேண்டும். அடித்து, அப்புறம் அந்த பட் ஷாட்டையும் போட்டீர்கள். பிளே-ஆஃபைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மழையில் நாலு ஹோல், லாரி கடைசி இரண்டிலும் பாரைவிட ஒரு ஷாட் குறைவாக, பேர்டி போட்டார், அது அவர் ஜெயித்த கோப்பை. அவருடைய பெயரையே மறந்துவிட்டு உங்கள் தோல்வியை மட்டும் பேசுவது அவருக்கும் அநியாயம்.

பிற்பாடு அதே 18ஆவது ஹோலை டிவி கேமரா முன் பட் போடும் மட்டையான பட்டரை மட்டும் வைத்து ஆடி, மூன்றாவது முயற்சியில் ஆறு எடுத்துக் காட்டினீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. 2005இல் உங்கள் நாட்டு ஓப்பனிலேயே இன்னொரு பிளே-ஆஃபில் ழான் ஃபிரான்ஸ்வா ரெமெசியிடம் தோற்றீர்கள். அடுத்த வருஷம் மதேராவில் ஜெயித்தீர்கள். அந்த ஜெயத்தைப் பற்றி உங்கள் மேல் கட்டுரை எழுதுகிறவர்கள் வாய் திறப்பதில்லை.

உங்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அன்றைக்கு உங்கள் பையைத் தூக்கி வந்தவர் கிறிஸ்டோஃப் ஆஞ்சியோலினி. டூ அயர்னைப் பற்றி அவரை ஊரே குற்றம் சொல்லியாயிற்று. எனக்கு அது வேண்டாம். அந்த உயரப் புல்லில், மூன்றாவது ஷாட்டுக்கு முன், பக்கவாட்டில் போடலாமா என்று அவரோ நீங்களோ வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்தீர்களா, இல்லை அந்த யோசனையே வரவில்லையா?

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒரு ரசிகன்