இரவு 1 மணிக்கு அந்த ஆப்பில் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பிள்ளைகளின் மனநலத்துக்கு ஆப்கள் வந்துவிட்டன, பெற்றோர் இனி நிம்மதியாக இருக்கலாம் என்கிற தொனியில் போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. என் மகள் இன்று நன்றாக இருக்கிறாள் என்றால் அதில் போனுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் போனில் அவளுக்கு முதலில் கிடைத்தது வேறு, அப்புறம் கிடைத்தது வேறு. அந்த வித்தியாசத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அப்போது அவளுக்கு 15 வயது. சாப்பாடு குறைந்தது, தூக்கம் மாறியது, தோழிகளோடு பேச்சு நின்றது, எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்ற ஒரே பதில். பரீட்சை பயமாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் ராத்திரி அவளே வந்து போனை நீட்டினாள். மனநல ஆப் ஒன்று. தினமும் திறந்ததும் ஐந்து முகங்கள் வரும், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை, இன்றைக்கு எப்படி இருக்கிறாயோ அந்த முகத்தைத் தொட வேண்டும். அவள் 19 நாள் விடாமல் அழுகிற முகத்தைத் தொட்டிருக்கிறாள். தொட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நட்சத்திரம். 19-வது நாள் திரையில் கலர் காகிதம் பறக்கிறது, "அருமை! தினமும் வருகிறாய்!" என்று பாராட்டு வேறு. கீழே மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பட்டன். அவ்வளவுதான். 19 நாளாக ஒரு பிள்ளை அழுகிறேன் அழுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, அங்கே அதைக் கேட்க ஓர் ஆள் இல்லை. பக்கத்து அறையில் படுத்திருந்த நானும் கேட்கவில்லை, அது வேறு வலி.

பிள்ளைகள் ஏன் போனிடம் போகிறார்கள் என்று பெரியவர்கள் பலருக்குப் புரிவதில்லை. எனக்கும் அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. பேசினால் குரல் நடுங்கும், எதிரில் இருப்பவர் முகம் மாறும், அதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிடத் தோன்றும். டைப் பண்ணும்போது அந்தப் பயம் இல்லை. எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம், சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்காது. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்ற, தட்டச்சில் உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அவருடைய செயலாளருக்கே அது வெறும் நிரல் என்று தெரியும். தெரிந்தும் அதனோடு தட்டச்சில் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், நீங்கள் அறையை விட்டுப் போங்கள் என்று வைசன்பாமிடமே சொல்லிவிட்டாராம். பெரியவர்களே அப்படியென்றால், 15 வயசுப் பிள்ளை திரையிடம் மனசைத் திறப்பதில் என்ன ஆச்சரியம்.

தேவையும் சின்னதில்லை. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்களிடம் காணும் மனநலப் பிரச்சினைகளில் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்றும் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. இத்தனை பிள்ளைகளுக்கும் எதிரில் உட்கார்ந்து பேசக் கவுன்சிலர்கள் எங்கேயும் போதுமான அளவில் இல்லை. அதனால் போன் வழி உதவி வேண்டும்தான்.

நல்லபடியாகச் செய்தால் பலனும் இருக்கிறது. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தினர் 'ஸ்பார்க்ஸ்' என்று ஒரு கணினி விளையாட்டைச் செய்தார்கள். ஏழு கட்டங்கள், மனச்சோர்வு தருகிற எண்ணங்களைப் பூச்சிகளாகப் பறக்கவிட்டு அவற்றை அடையாளம் கண்டு விரட்டச் சொல்வார்கள், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பாடங்கள்தான் விளையாட்டு வடிவில். 12 முதல் 19 வயது வரையிலான 187 பேரிடம் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமாகக் கிடைக்கும் கவுன்சிலிங்குக்கு அது குறைந்து போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அந்தப் பிள்ளைகள் எல்லாருமே மனச்சோர்வுக்கு உதவி தேடி ஏற்கெனவே ஒரு டாக்டரிடமோ கவுன்சிலரிடமோ வந்து சேர்ந்தவர்கள். யாரோ ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டார்.

தனியாக விட்டால் என்ன ஆகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 93 மனநல ஆப்களின் உண்மையான பயன்பாட்டை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. இறக்கிய 100 பேரில் 30-வது நாளும் அதைத் திறக்கிறவர்கள் மூன்று நான்கு பேர்தான். எத்தனை லட்சம் பேர் இறக்கினார்கள் என்ற எண்ணிக்கையை உங்கள் கட்டுரையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்களே, அதில் எத்தனை பேர் இரண்டாவது வாரம் இருந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். இடையிடையே ஒரு மனிதர் எட்டிப் பார்த்து எப்படிப் போகிறது என்று கேட்கிற திட்டங்களில்தான் பிள்ளைகள் தங்குகிறார்கள். பல ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

மனிதரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தை வைத்த கதையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்காக இருக்கும் தேசிய அமைப்பு ஒன்று, 20 ஆண்டுக்கு மேல் நடத்திய ஹெல்ப்லைனை 2023-ல் மூடியது. 'டெஸ்ஸா' என்ற சாட்பாட், அதாவது தானாகப் பதில் சொல்லும் கணினி நிரல், இருக்கிறதே என்றார்கள். சாப்பிடவே பயப்படுகிறவர்களிடம் அது எடை குறைக்க ஆலோசனை சொல்லியிருக்கிறது. ஒரு பெண் அதை வெளியில் சொன்ன பிறகுதான் நிறுத்தி வைத்தார்கள். சாப்பாட்டை வெறுக்கும் ஒரு 14 வயசுப் பிள்ளை அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். பிள்ளை எழுதுவது எங்கே போகிறது? 'பெட்டர்ஹெல்ப்' என்ற பெரிய ஆன்லைன் கவுன்சிலிங் நிறுவனம், ரகசியமாக வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டு, ஆட்களின் மின்னஞ்சல் முகவரியையும் கேள்வித்தாளில் கொடுத்த உடல்நல விவரத்தையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கிற அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. பெரியவர்களுக்கே இந்தக் கதி. என் மகள் இறக்கிய ஆப்பில் பெற்றோர் மின்னஞ்சல் கேட்டிருக்கிறார்கள், அவள் தன்னுடைய இன்னொரு மின்னஞ்சலையே போட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் வந்த விதிமுறைகளை நான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். விரல் வலிக்கிற அளவுக்கு நீளம், தகவலை யாருக்கெல்லாம் கொடுப்பார்கள் என்பது அதில் எங்கேயோ நடுவில் ஒரு பத்தி. எந்தப் பிள்ளை அதைப் படிக்கும்?

சரி, அப்புறம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்த 19 நாளுக்கு நடுவிலேயே அவள் வேறு ஒரு சேவையையும் கண்டுபிடித்திருந்தாள். சாட் தான், ஆனால் மறுபக்கம் பயிற்சி பெற்ற கவுன்சிலர் ஒருவர். முதல் நாள் ராத்திரி 1 மணிக்கு "ஹாய்" என்று மட்டும் எழுதிவிட்டு அதற்கு மேல் எழுத முடியாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாளாம். அங்கிருந்து "இருக்கேன், மெதுவா எழுதுங்க" என்று வந்தது. அடுத்து வந்த செய்தியை அவள் எடுத்து வைத்திருக்கிறாள், நானும் பார்த்தேன்: "நீங்க எழுதுறதை வீட்டுல சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் சொல்ல வேண்டி வரும், அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." பக்கம் பக்கமாக இருந்த அந்த விதிமுறைகள் செய்யாததை இந்த இரண்டு வரி செய்தது. இதைப் படித்துவிட்டுத்தான் அவள் மேற்கொண்டு எழுதினாள்.

நாலாவது உரையாடலில் அந்தக் கவுன்சிலர் நேராகவே கேட்டிருக்கிறார், சாக வேண்டும் போல் தோன்றுகிறதா என்று. இதைச் சொன்னால் பல பெற்றோர் அதிர்ந்துபோவார்கள், நான் அதிர்ந்துபோனேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் நமக்கு. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன, நேராகக் கேட்டால் சொல்ல முடியாமல் இருந்தவருக்கு வாய் திறக்க வழி கிடைக்கிறது. என் மகள் "சில நேரம்" என்று பதில் எழுதினாள். அதற்கப்புறம் அவர் விடவே இல்லை. வீட்டில் யாரிடம் காட்ட முடியும் என்று கேட்டு, அம்மாவிடம் என்றதும், எப்படி ஆரம்பிக்கலாம் என்று அவளோடு சேர்ந்து யோசித்து, முதலில் அந்த முகங்களைக் காட்டுங்கள், பேச வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவள் போனை நீட்டியது அப்படித்தான். மறுநாளே நாங்கள் மனநல மருத்துவரைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவளுடைய சாட் செய்திகளையெல்லாம் படித்துப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது, மறைக்க விரும்பவில்லை. பிள்ளையின் போனை உளவு பார்க்கும் ஆப்களை வாங்கச் சொல்லி எனக்கு அறிவுரை சொன்னவர்களும் உண்டு. நான் படிக்கவில்லை. படித்திருந்தால் அவள் அடுத்த முறை யாரிடமும் எழுதியிருக்க மாட்டாள்.

உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த முறை இப்படி ஓர் ஆப்பைப் பற்றி எழுதும்போது, செய்தவர்களிடம் இரவு 1 மணிக்கு "எனக்கு இருக்கவே பிடிக்கல" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதை எத்தனை நிமிஷத்தில் எந்த மனிதர் பார்ப்பார் என்று கேளுங்கள், கிடைத்த பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் சொல்லவில்லை என்றால் அதையும் அச்சிடுங்கள். பிள்ளைகள் எழுதுவதை எங்கே வைக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்பதையும் கேளுங்கள். ஆப்பை வாங்கிக் கொடுக்கும் பள்ளிகளும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதையே கேட்கட்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். பெயர் போட்டால் அவள் யாரென்று தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து, அனுப்பலாமா என்று கேட்டேன். முழுக்கப் படித்தாள், இரண்டு வரிகளை அடித்தாள், அனுப்பும்மா என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி