கோச்சுக்கு ரெண்டாவது வாய்ப்பு குடுங்க, ஆனா மறைச்சு குடுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பசங்களுக்கு விளையாட்டு சொல்லிக்குடுக்கிற கோச் ஒருத்தர் தப்புல மாட்டினா, ஜனங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுறாங்க. இனிமே மைதானத்துப் பக்கமே விடாதீங்கன்னு ஒரு கூட்டம், எத்தனை கப் ஜெயிச்சுக் குடுத்தாரு விடுங்கப்பான்னு இன்னொரு கூட்டம். பல இடத்துல நடக்கிறது ரெண்டுமே இல்ல. சொந்தக் காரணம்னு ஒரு ராஜினாமா, பேரு கெட்டுடும்னு நிர்வாகமும் வாயை மூடிக்கும், அடுத்த சீசன்ல அதே ஆளு வேற கிளப்புல விசிலோட நிப்பாரு, அங்க இருக்கிற பெத்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. இதைப் போய் ரெண்டாவது வாய்ப்புன்னு சொல்றது அநியாயம்.

குழந்தை மேல தப்பான எண்ணத்தோட கை வச்சவருக்கு மறுபடி குழந்தைங்க கூட வேலையே கிடையாது, இதுல பேச்சுக்கே இடமில்ல. கனடாவுல ஜூனியர் ஐஸ் ஹாக்கி கோச்சா இருந்த கிரஹாம் ஜேம்ஸ், தன்கிட்ட விளையாடின பசங்களை பாலியல் கொடுமை பண்ணதுக்கு 1997ல ஜெயிலுக்குப் போனாரு. 2007ல அவரோட குற்றப் பதிவை ஒதுக்கி வைக்கிற சட்டப்படியான மன்னிப்பே அவருக்குக் கிடைச்சிடுச்சு, ஊருக்குத் தெரிஞ்சது 2010லதான். ஜனங்க கொதிச்ச பிறகு, 2012ல சட்டத்தை மாத்தி இந்த மாதிரி குற்றத்துக்கு அந்த மன்னிப்பை நிறுத்தினாங்க, அதே வருஷம் முன்னாடி வேற ரெண்டு பேருக்குப் பண்ண கொடுமைக்காக அவரு மறுபடி ஜெயிலுக்குப் போனாரு.

ஆனா எல்லா தப்பும் இது இல்லையே. கண்டபடி திட்டுறது, தோத்ததுக்கு தண்டனையா ஓட விடுறது, அடிபட்ட காலோட ஆட வைக்கிறது, எல்லார் முன்னாடியும் உடம்பு எடையை சொல்லி அவமானப்படுத்துறது, இதெல்லாம் பண்றவங்கள்ல நிறைய பேரு தானும் அப்படியே வளர்ந்தவங்க, இதுதான் கோச்சிங்னு நம்பினவங்க. இவங்க மாற முடியும்னு நான் உண்மையா நம்புறேன். ஆனா என்ன பண்ணாருன்னு அவரே வாய் திறந்து சொல்லணும், புது இடத்துல பெத்தவங்களுக்கு முன்கூட்டியே தெரியணும், கொஞ்ச காலம் இன்னொரு பெரியவர் கூடவே இருக்கணும், பசங்களுக்கு தனியா மெசேஜ் அனுப்பவே கூடாது. கப் கணக்கைக் காட்டி இதுல எதையும் குறைக்கக் கூடாது.

பாதிக்கப்பட்ட பிள்ளையை யாராவது கேக்குறாங்களா? அதுவும் தனியா, பயமில்லாம கேக்கணும். மீட்டிங்ல நிக்க வச்சு "சாரை மன்னிச்சிட்டேன்"னு சொல்ல வைக்கிறதெல்லாம் இன்னொரு கொடுமைங்க. பெரியவங்க தப்புக்கு பிள்ளைங்க கட்டுற விலை கொஞ்சநஞ்சம் இல்ல. 2014ல லிட்டில் லீக்ங்கிற சின்னப் பசங்க பேஸ்பால் போட்டியில அமெரிக்க தேசிய சாம்பியன் ஆன சிகாகோ டீமோட பட்டத்தை அடுத்த வருஷம் பிடுங்கிட்டாங்க, டீமுக்குன்னு குறிச்ச ஏரியா எல்லைக்கு வெளிய இருந்த பசங்களை பெரியவங்க சேர்த்துட்டாங்கன்னு. மேனேஜருக்கு சஸ்பென்ஷன், சரி. ஆனா ஒழுங்கா ஆடி ஜெயிச்ச பசங்களுக்கு அந்த வயசும் அந்த பட்டமும் திரும்ப வருமா?

அதனால கிளப் நடத்துறவங்க கோச்சை எடுக்கிறதுக்கு முன்னாடி பழைய கிளப்புக்கு எழுதி, இவரை மறுபடி உங்க பசங்க கூட விடுவீங்களான்னு கேளுங்க. பழைய கிளப்பும் மழுப்பாம, கையெழுத்துப் போட்டு எழுத்துலயே பதில் குடுக்கணும்.

இப்படிக்கு,
விளையாட்டுல இருக்கிற ஒரு பொண்ணோட அம்மா