அக்கா, கட்டுரையை அனுப்பிவிட்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

நிறுவனங்களின் கார்பன் உமிழ்வுக்கும் பங்கு வருமானத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கட்டுரையை நேற்று இரவு இதழுக்கு அனுப்பிவிட்டேன். என் பெயரில் மட்டும். நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டு எழுதியதற்குப் பதில் வராததால், இப்போதைக்கு அந்த வரியையே எடுத்துவிட்டேன்.

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும், குறைந்தது தொலைபேசியிலாவது. நீங்கள் எடுப்பதில்லை. பொதுவில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது என்றும் தெரியும், அதற்காக மன்னித்துவிடுங்கள். ஆனால் கட்டுரை வெளிவந்ததும் "இது இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்ததாயிற்றே, அவர் பெயர் எங்கே?" என்று கேட்கிறவர்கள் கேட்பார்கள். நான் உங்களைக் கழற்றிவிட்டேன் என்றோ, நீங்கள் விலைபோய்விட்டீர்கள் என்றோ ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். இரண்டுமே பொய். நீங்கள் இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள், அங்கே என்ன விற்கிறார்கள் என்பதைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் பதிவாகட்டும்: கட்டுரையில் இருக்கும் தரவு முழுக்க நீங்கள் அந்த வேலைக்குப் போகும் முன்பே பல்கலைக்கழகச் சந்தாவில் எடுத்தது. உங்கள் மேலதிகாரி யாராவது இதைப் படித்தால் அவருக்கும் தெரியட்டும்.

சரி, அந்த மாலைக்கு வருகிறேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ரிக்ரஷன், அதாவது உமிழ்வும் பங்கு வருமானமும் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு, ஓடி முடிந்திருந்தது. அதிகமாகக் கார்பன் உமிழும் நிறுவனங்களின் பங்குகள் அதிக வருமானம் தருகின்றன என்று குணகம் சொன்னது, பக்கத்தில் மூன்று நட்சத்திரங்கள், தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதற்கான அடையாளம். நிதித்துறை ஆய்வாளர்கள் பேட்ரிக் போல்ட்டனும் மார்சின் கஸ்பெர்சிக்கும் 2021-ல் அமெரிக்கப் பங்குகளை வைத்து எழுதிய அதே முடிவு. முதலீட்டாளர்கள் காலநிலை அபாயத்தை உணர்ந்துவிட்டார்கள், அதற்குக் கூலியாகக் கூடுதல் வருமானம் கேட்கிறார்கள், ஆகவே அழுக்கு நிறுவனத்துக்கு மூலதனம் விலை கூடிவிட்டது. எவ்வளவு நிம்மதியான முடிவு! அரசுகள் இழுத்தடித்தாலும் சந்தை தன் வேலையைச் செய்கிறது என்று சொல்லிவிடலாம். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் எழவில்லை. எதற்கோ உமிழ்வை விற்பனையால் வகுத்து, துறைவாரியாக வரிசைப்படுத்தினீர்கள்.

சிமென்ட் வந்தது. முதல் நிறுவனத்தின் விகிதமும் இரண்டாவதன் விகிதமும் ஒன்றாக இருந்தன. மூன்றாவதும் அதே. நீங்கள் கீழே இறக்கிக்கொண்டே போனீர்கள். வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு அளவுகள், ஆனால் நான்காவது தசம இடம் வரை ஒரே எண் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. "பக்கத்துப் பத்தியில என்ன போட்டிருக்கு, படி" என்றீர்கள். படித்தேன். எல்லா வரியிலும் "மதிப்பீடு".

வெளியிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா நிறுவனமும் தன் உமிழ்வைத் தானே கணக்கிட்டு வெளியிடுவதில்லை. வெளியிடாதவற்றுக்குத் தரவு விற்கும் நிறுவனம் ஒரு எண்ணைப் போட்டு நிரப்புகிறது. நாங்கள் வைத்திருந்த தரவில் அது நிரப்பப்பட்ட விதம் எளிமையானது: அந்தத் துறையில் ஒரு டாலர் விற்பனைக்குச் சராசரியாக எவ்வளவு உமிழ்வோ, அதை இந்த நிறுவனத்தின் விற்பனையால் பெருக்குவது. அதாவது உமிழ்வு என்ற பெயரில் இருந்தது விற்பனைதான். ஊரில் எல்லோருடைய உயரத்தையும் வைத்துச் சராசரி எடையை எழுதிவிட்டு, அந்த ஏட்டைப் புரட்டி யார் இளைத்தார் என்று தேடுவது போல.

சிமென்டை வைத்து யோசித்தால் எவ்வளவு மோசம் என்று புரியும். அதன் உமிழ்வில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வெளியேறுகிறது. மீதி எரிபொருள். பழைய ஈரமுறைச் சூளை கலவையில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே ஏகப்பட்ட எரிபொருளைத் தின்னும், உலர்முறைச் சூளைக்கு அந்தச் செலவு இல்லை. சூளையில் சுட்டெடுக்கும் கட்டியான கிளிங்கரைக் குறைத்து இரும்பு உலைக்கசடோ நிலக்கரிச் சாம்பலோ கலந்தால் கல்லிலிருந்து வருவதும் குறையும். காலநிலைக் கொள்கை என்று நாம் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான். அந்த வித்தியாசத்தைத்தான் அந்தப் பத்தி அழித்துவிட்டிருந்தது. ஒருவன் கடன் வாங்கிச் சூளையை மாற்றினாலும் அவன் எண் இறங்காது. சிமென்ட் விலை ஏறிய வருடத்தில் ஒரு மூட்டை கூடுதலாகத் தயாரிக்காதவனின் "உமிழ்வு" ஏறும்.

அப்புறம் காலக் கணக்கு. ஒரு வருடத்தின் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் கூடினால் அந்த வருடமே பங்கும் ஏறும். விற்பனையை உமிழ்வாக வேடம் போட்டுவிட்டு, அதே வருடத்துப் பங்கு வருமானத்தோடு பொருத்தினால் தொடர்பு வராமல் எப்படி இருக்கும்? முதலீட்டாளர் கையில் அந்த உமிழ்வு எண் கிடைப்பது மாதங்கள் கழித்துத்தான். அவர் அறியாத எண்ணுக்கு அவர் எப்படிக் கூலி கேட்டிருப்பார்? இதையெல்லாம் அன்றைக்கே நீங்கள்தான் சொன்னீர்கள். மதிப்பீட்டு வரிகளை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். நட்சத்திரங்கள் போய்விட்டன.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னைக்கு யார்கிட்டயும் சொல்லாதே" என்றீர்கள். நான் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்" என்று நீங்கள் எழுதிய ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். அதற்குள் அஸ்வானி, ரகுநந்தன், ராஜ்கோபால் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதையே எழுதினார்கள். தானே வெளியிட்ட எண்களை மட்டும் எடுத்தால், அல்லது உமிழ்வை விற்பனைக்கு இவ்வளவு என்று விகிதமாகப் பார்த்தால், அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்றார்கள். 2024-ல் அச்சிலும் வந்துவிட்டது. போல்ட்டன், கஸ்பெர்சிக் தரப்பிலிருந்து மறுப்பும் வந்தது, வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த வாதத்தில் நமக்கு ஓர் இடம் இருந்தது. அதைக் காலியாக விட்டது நீங்கள். இதை எத்தனை நாகரிகமாகச் சொன்னாலும் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

ஆனால் நீங்கள் சும்மா தடுக்கவில்லை. உங்கள் வாதத்துக்கு என்னிடம் இன்றும் முழுப் பதில் இல்லை. மதிப்பீட்டு வரிகளைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது யார்? பெரிய நிறுவனங்கள், அறிக்கை எழுத ஆள் வைத்திருப்பவை, காட்டிக்கொள்ள நல்லது ஏதாவது இருப்பவை. வாயைத் திறக்காதவன் கணக்கிலிருந்தே தப்பிவிடுகிறான். "மௌனமா இருக்கிறவனுக்கு நீயே பரிசு கொடுக்கிறே" என்றீர்கள். தவறான எண்ணாவது அவனைப் பட்டியலில் வைத்திருக்கிறது, பட்டியலில் இருந்தால் ஒருநாள் யாராவது கேள்வி கேட்பார்கள் என்றீர்கள். சரிதான். அதற்காக அந்த எண்ணை உண்மை என்று விற்கலாமா, அக்கா? அதை நம்பி ஒரு ஃபண்ட் தன் பணத்தை இடம் மாற்றுகிறது. கடன் வாங்கிச் சூளையை மாற்றியவனையும் மாற்றாதவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, "குறைந்த கார்பன் முதலீடு" என்று ஓய்வூதியக்காரர்களிடம் காட்டுகிறது.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் வந்ததே உங்களால்தான். ஐரோப்பியக் கார்பன் சந்தையைப் பற்றி நீங்கள் எடுத்த வகுப்பு நினைவிருக்கிறதா? உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆலை ஓர் உரிமம் வைத்திருக்க வேண்டும், அந்த உரிமங்களை வாங்கி விற்கும் சந்தை அது. 2005-ல் சந்தை தொடங்கியபோது ஆலைகள் உண்மையில் எவ்வளவு உமிழ்கின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மதிப்பீட்டை வைத்து உரிமங்களை அள்ளிக் கொடுத்தார்கள். உரிமத்தின் விலை டன்னுக்கு 30 யூரோ வரை போனது. 2006 ஏப்ரலில் சரிபார்க்கப்பட்ட உமிழ்வுக் கணக்கு முதல்முறையாக வெளிவந்தது. உமிழ்ந்ததைவிடக் கொடுத்த உரிமம் அதிகம் என்று தெரிந்ததும் சில வாரங்களில் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அடுத்த கட்டத்துக்கு உரிமங்களைக் கொண்டுபோக முடியாது என்பதால் 2007 முடிவதற்குள் அவை ஏறக்குறைய சல்லிக்காசு பெறாமல் போயின. வகுப்பில் எல்லோரும் அதைச் சந்தையின் தோல்வி என்றோம். "அன்னைக்குத்தான் அந்தச் சந்தைக்கு முதல்தடவையா உண்மை தெரிஞ்சுது" என்றீர்கள். அதே சந்தையில் 2023 பிப்ரவரியில் விலை 100 யூரோவைத் தாண்டியது. உபரி உரிமங்களை உறிஞ்சும் இருப்பு முறையை 2019-ல் கொண்டுவந்தது உட்பட அதற்குப் பல காரணங்கள். ஆனால் ஆலை ஆலையாக அளந்து, மூன்றாம் ஆள் சரிபார்த்த எண் ஒன்று அடியில் இல்லாமல் அந்தத் திருத்தங்களில் எதையும் செய்திருக்க முடியாது. இதைச் சொல்லிக்கொடுத்தவரா என்னிடம் "மதிப்பீடு போதும்" என்றீர்கள்?

எதிர்காலக் காலநிலை நஷ்டத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு போடுவது என்று பொருளாதார அறிஞர்கள் ஸ்டெர்னும் நார்ட்ஹாஸும் போட்ட சண்டையைக்கூட நீங்கள் இப்படித்தான் பிரித்துக் காட்டினீர்கள். நூறு வருடம் கழித்து வரும் 100 டாலர் நஷ்டம், ஸ்டெர்ன் சொன்னபடி வருடத்துக்கு 1.4 சதவீதம் கழித்தால் இன்றைக்கு 25 டாலர். நார்ட்ஹாஸின் 5.5 சதவீதம் என்றால் அரை டாலர்கூடத் தேறாது. அது பிறக்காதவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி, அதில் நல்லவர்களும் முரண்படலாம், ஆனால் அளப்பதில் முரண்பட இடமில்லை என்றீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பா படுத்த படுக்கையாக இருந்த மாதத்தில், ஒரு தரவுத்தளத்தில் "லிமிடெட்" என்றும் இன்னொன்றில் "பிஎல்சி" என்றும் இருந்த நிறுவனப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பொருத்தியது நீங்கள். பெயர் மாறியவை, இணைந்தவை, பழைய ஆலையை வேறொருவனிடம் தள்ளிவிட்டுத் தன் புத்தகத்தில் உமிழ்வைக் குறைத்துக் காட்டியவை என்று தனித்தனியாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தீர்கள். யாருக்கும் பேர் வாங்கித் தராத வேலை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்து முடித்திருந்தீர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் கட்டுரையில் உங்கள் பெயர் இல்லாதது திருட்டு மாதிரி உறுத்துகிறது. உடனே, பெயர் வேண்டாம் என்றது நான் இல்லையே என்று கோபமும் வருகிறது.

வேலைக்குப் போனது தப்பில்லை. உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அதை இங்கே பேச மாட்டேன். கடைசியாகப் பேசியபோது "உனக்கு இன்னும் உலகம் தெரியலை" என்றீர்களே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

கட்டுரையில் நான்காம் பகுதி பலவீனமாக இருக்கிறது. மௌனமான நிறுவனங்களைப் பற்றியது, உங்கள் வாதம். கட்டுரையைப் பரிசீலிக்கும் நடுவர்கள் அங்கேதான் கை வைப்பார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் உமிழ்வை வெளியிட்டே ஆக வேண்டும் என்று பிரிட்டன் 2013-ல் கட்டாயமாக்கியதே, அதுவரை வாய் திறக்காதவர்கள் பேச வேண்டிவந்தது. முந்தைய வருட மதிப்பீட்டையும் அவர்களே வெளியிட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இட்டுநிரப்பிய எண் எந்தப் பக்கம், எவ்வளவு தவறியது என்று தெரிந்துவிடும். உங்கள் வாதமா என்னுடையதா என்பதற்கும் ஓரளவு விடை கிடைக்கும். பெயர்ப் பொருத்தம் செய்த உங்கள் கோப்பு இல்லாமல் அதை என்னால் செய்ய முடியாது. பழைய கோப்புறையில் இருப்பது பாதிதான், மீதி உங்கள் கணினியில்.

திருத்தம் கேட்டுக் கட்டுரை திரும்பி வர எப்படியும் சில மாதம் ஆகும். அதற்குள் அந்தப் பகுதியை நீங்கள் எழுதுங்கள். எனக்கு எதிராக முடிந்தாலும் அப்படியே சேர்க்கிறேன், உங்கள் பெயரோடு. அலுவலகத்தில் அனுமதி கிடைக்காது என்றால் கோப்பை மட்டும் அனுப்புங்கள். எதுவும் முடியாது என்றால் அதையாவது ஒரு வரி எழுதுங்கள், பெயர்களை முதலிலிருந்து நானே பொருத்த ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி