நல்ல முல்லையும் நல்ல மூலையும்

அன்புள்ள நன்முல்லைக்கு,

வீட்டில் யாரும் உன்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பாவுக்கு நீ முல்லை, அப்பாயிக்குக் கடைசிவரை பாப்பா. எனக்குக் கோபம் வந்தால் மட்டும்தான் நன்முல்லை. இப்போது கோபம் எதுவும் இல்லை. பேச்சு இந்தப் பெயரைப் பற்றியது என்பதால் முழுசாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அங்கே மழையா என்று கேட்டேன். நீயும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். போனில் எனக்கு எதுவும் கோவையாக வராது, பேனா பிடித்தே பழகிய கை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, ஆபீசில் யாருக்கும் உன் பெயர் வாயில் நுழையவில்லை, ஆங்கில எழுத்தில் முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'நேன்' என்கிறார்கள், இங்கிலாந்தில் நேன் என்றால் பாட்டி, 32 வயதில் ஓர் ஆபீசுக்கே பாட்டியாகிவிட்டாய். டீட் போல் என்ற பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தோடு எழுதி, வெறும் 'முல்லை' என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாய். இதைக் கேட்டு நானும் சிரித்தேன். இரண்டாவது விஷயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ அர்த்தம் கேட்க, நீ தேடிப் பார்த்திருக்கிறாய். முல்லை என்றால் போருக்குப் போன கணவனுக்காக வீட்டில் காத்துக் கிடப்பது, கற்பு, பொறுமை என்றெல்லாம் வந்திருக்கிறது. "காத்திருக்கிறவள்னு பேர் வெச்சுட்டு, தனியா இவ்வளவு தூரம் படிக்க அனுப்பினியேம்மா" என்றாய்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உனக்கு அந்தப் பெயரை வைத்தபோது அதன் அர்த்தத்தை நான் ஆழமாக யோசிக்கவே இல்லை. எழுத்து அழகாக இருந்தது, வைத்தேன்.

1993. நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைச் சுமந்து எட்டாம் மாதம். சங்கப் பாடல் தொகுப்பு ஒன்று அச்சாகிக்கொண்டிருந்தது, ஈய எழுத்து கோக்கிற காலம். பாட்டெல்லாம் வேறொருவர் பார்த்தார். உட்கார்ந்து எழ முடியாதவள் என்று எனக்குக் கடைசி ஃபாரத்தை, அதாவது ஒன்றாக அச்சடிக்கும் கடைசிப் பக்கங்களைக் கொடுத்தார்கள், புலவர் பெயர் அகராதி. வேலை எளிது, பெயரும் எண்ணும் சரியா என்று பார்த்தால் போதும். அஞ்சில் அஞ்சி, அணிலாடு முன்றிலார், அம்மூவனார் என்று வரிசையாக வந்துகொண்டிருந்த இடத்தில் அள்ளூர் நன்முல்லையார், சங்கப் பெண் புலவர் ஒருவர். அந்தப் பெயரில் கை நின்றது. பக்கத்தில் அவர் பாடிய பாட்டுகளின் எண்கள்: குறுந்தொகை 32, 67, 68, 93, 96, 140, 157, 202, 237. அகநானூறு 46. எண்களைத் திருத்தினேனே தவிர ஒரு பாட்டையும் திருப்பிப் பார்க்கவில்லை. அகரத்திலேயே உன் பெயர் கிடைத்துவிட்டது, ஔவை வரைக்கும் போகக்கூட இல்லை.

மிச்சத்தையும் படிக்கத்தானே வேண்டும், படித்தேன். மற்றப் பெண் புலவர்களும் வந்தார்கள்: காக்கைபாடினியார் நச்செள்ளையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், வெண்பூதியார், மாறோக்கத்து நப்பசலையார். பிரிவில் பெண்ணின் மேனியில் வெளிறிய நிறமாகப் படருமே அந்தப் பசலையைத்தான் 'நல்ல பசலை' என்று ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்! நீ தப்பித்தாய் என்று நினைத்துக்கொள். அந்த 'ந' தான் நக்கீரனிலும் நப்பின்னையிலும் இருக்கிறது, நல்ல என்று பொருள்படும் முன்னொட்டு. உன் பெயரில் அது குறுகாமல் முழுசாக நிற்கிறது. நல் என்பதோடு முல்லை சேரும்போது, மகரம் வருவதால் லகரம் னகரமாகிறது. கடைசியில் இருக்கும் 'ஆர்' மரியாதைக்குச் சேர்த்தது. அதை எடுத்துவிட்டால் அந்த அம்மாளின் பெயரும் உன் பெயரும் ஒன்று.

அப்பாயிக்குப் பெயர் பிடிக்கவில்லை. "கூப்பிடறதுக்குள்ள பிள்ளை தெருவைத் தாண்டிடும்" என்றார். நியாயமான ஆட்சேபணைதான். அப்பா மட்டும் உடனே சரி என்றார், பாரி தேர் கொடுத்த கொடியாச்சே என்று. அவருக்கு எந்தப் பூவைச் சொன்னாலும் ஒரு கதை ஞாபகம் வரும். பிறகு ரேஷன் கார்டு வந்தது. அதில் 'நன்மூலை' என்று இருந்தது. ஊரெல்லாருடைய பிழையையும் திருத்துகிறவள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி அச்சாகி வந்தது. நல்ல மூலை! ஈசானிய மூலையா, கன்னி மூலையா என்று அப்பா ஒரு மாதம் கேலி செய்தார். அதைத் திருத்த நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

இப்போது அர்த்தத்துக்கு வருகிறேன். உன் ஆபீசில் 'நல்ல ஜாஸ்மின்' என்று சொன்னாயாம். குண்டுமல்லியும் ஜாஸ்மின், பிச்சியும் ஜாஸ்மின், முல்லையும் ஜாஸ்மின் என்றால் பூ கட்டுகிற எந்தப் பெண்ணும் ஒத்துக்கொள்ள மாட்டாள். தாவரவியலில் முல்லைக்கு ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என்று தனிப்பெயரே இருக்கிறது. ஊசிபோல் சின்ன அரும்பு, பொழுது சாய்ந்த பிறகு அவிழும். கொடி எங்கே இருக்கிறது என்று கண் தேடுவதற்குள் வாசனை வந்துவிடும்.

பூ மலரும் அந்தப் பொழுதுதான், சங்கப் பாட்டில் நிலத்தையும் உணர்வையும் சேர்த்து வகுத்த முல்லைத் திணைக்கும் பொழுது. 'மாயோன் மேய காடுறை உலகம்' என்று தொல்காப்பியம் சொல்கிற நிலம், கார்காலம், மாலை நேரம். மழைக்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவேண்டும், மேகம் கூடிவிட்டது, முல்லை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். ஆகவே நீ படித்தது பொய்யில்லை. முல்லைத் திணைக்கு உரியது இருத்தல், அதாவது காத்திருப்பது. 'முல்லை சான்ற கற்பு' என்றே சிறுபாணாற்றுப்படையில் வருகிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடி, பத்துப்பாட்டிலேயே சின்னது. அதன் தொடக்கத்தில் முதிய பெண்கள் நெல்லையும் முல்லைப் பூவையும் தூவி, போனவன் வருவானா என்று நல்ல சொல்லுக்காகக் காது கொடுத்து நிற்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனாலும் பெண்ணுக்கு வேலை காத்திருப்பது மட்டும்தானா என்று நீ கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை.

உன் போனுக்குப் பிறகு நான் செய்தது, 32 வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. அந்தப் பத்து எண்ணையும் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்றிரண்டு பாட்டு முன்பே தெரியும், யார் பாடியது என்று சேர்த்துப் பார்த்ததில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குறிஞ்சி இருக்கிறது, பாலை இருக்கிறது, மருதம் இருக்கிறது. முல்லைத் திணையில் ஒன்றுகூட இல்லை. பெயரில் முல்லையை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் முல்லைப் பக்கமே போகவில்லை. (புறநானூறு 306ஐப் பாடியதும் இவரே. அதன் துறைக்கு, அதாவது திணையின் உட்பிரிவுக்கு மட்டும் 'மூதின் முல்லை' என்று பெயர், திணை வெற்றியைப் பாடும் வாகை. பழைய தொழில் புத்தி, விட்டுவிட்டால் உறுத்தும்.)

குறுந்தொகை 67ஆம் பாட்டில் ஒரு கிளி வேப்பம்பழத்தை அலகில் வைத்திருக்கிறது. வளைந்த அலகு, நடுவில் மினுங்குகிற மஞ்சள் பழம். அதைப் பார்த்தால், புது நூலில் பொற்காசு கோக்கிறவன் தன் கூரிய நகங்களுக்கு நடுவில் ஒரு காசைப் பிடித்திருப்பது போல் இருக்கிறதாம். ஒரு கணம் அந்தக் கை அசையாமல் நிற்குமே, அதைக் கவனித்திருக்கிறார். 140இல் ஓணானின் முதுகு ரம்பம் போல இருக்கிறது. 32 ஆண் குரலில் பாடியது: காலை, பகல், மாலை, ஊர் உறங்கும் யாமம், விடியல் என்று பொழுதுகளின் வேறுபாடு ஒருவனுக்குத் தெரிகிறது என்றால் அவன் காமம் பொய் என்கிறார். மாலைதான் வாட்டும் என்று வழிவழியாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில், எந்தப் பொழுதென்றே தெரியக்கூடாது என்று இவர் சொல்கிறார்.

157 நான்கே அடி.

குக்கூ என்றது கோழி அதனெதிர்
துட்கென் றன்றுஎன் தூஉ நெஞ்சம்
தோள்தோய் காதலர்ப் பிரிக்கும்
வாள்போல் வைகறை வந்தன்றால் எனவே

கோழி கூவியதும் நெஞ்சு திடுக்கிடுகிறது. விடியல் வாள் போல வந்து தோளோடு சேர்ந்திருந்தவரைப் பிரித்துவிடுகிறதாம். 'துட்கென்றன்று' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார், நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அதில் இருக்கிறது. எத்தனையோ புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்திருக்கிறேன், ஒரு சொல்லுக்கு முன்னால் இப்படி உட்கார்ந்துவிட்டது அபூர்வம்.

கடைசியாக அகநானூறு 46. பரத்தையிடம் போய்விட்டு வாசலில் வந்து நிற்கிறான் தலைவன், தோழி மறிக்கிறாள். அவன் ஊரில் எருமை சேற்றில் கட்டிக் கிடப்பதை வெறுத்து, கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் விலக்கிப் போய்த் தாமரையை மேய்கிறது என்று தொடங்குகிறாள். யாரைச் சொல்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்திருக்கும். முடிவில், பாண்டியன் செழியனுடைய நெற்குவியல் நிறைந்த அள்ளூர் போன்ற எங்கள் ஒளிவளை கழன்று விழுந்தாலும் விழட்டும் என்கிறாள்: 'சென்றீ பெரும நிற்றகைக்குநர் யாரோ.' போய்வா ஐயா, உன்னைத் தடுக்க இங்கே யார் இருக்கிறார்கள். தன் சொந்த ஊரின் பெயரையே உள்ளே வைத்துத்தான் அந்த அம்மாள் இதைப் பாடியிருக்கிறார். காத்திருக்கிறவள் என்று நீ நினைத்த பெயருக்குச் சொந்தக்காரி பேசிய பேச்சு இது. குறுந்தொகை 93இலும் இதே காரம்தான். அவர் நமக்குத் தாயும் தகப்பனும் ஆயிற்றே என்று ஒரு குத்து, அன்பே இல்லாத இடத்தில் ஊடல் எதற்கு என்று இன்னொரு குத்து.

இவ்வளவு நல்ல பெயர் ஏன் யாருக்கும் இல்லை என்று சின்ன வயதில் கேட்பாய், வகுப்பில் மூன்று பிரியா இருந்த காலம் அது. ஓலைச்சுவடியில் கிடந்த குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல்தான் முதலில் அச்சேற்றினார். உ.வே.சா. பதிப்பு 1937இல் வந்தது. அதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் ஊரில் எவருக்கும் இந்தப் பெயர் காதில் விழ வழியில்லை. சாமி பெயரும் பாட்டி பெயரும்தான் பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தன. 1916இல் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபின் தமிழ்ப் பெயர்கள் பெருகின. அப்போதும் செல்வி, கொடி, மொழி என்று முடிகிறவைதான் ஊரைப் பிடித்தன. இப்போது யாழினியும் இனியாவும் நிலாவும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முல்லையும் முல்லைக்கொடியும்கூடக் கேட்டிருக்கிறேன். நன்முல்லை என்று உன்னைத் தவிர வேறொருத்தியை நான் சந்தித்ததில்லை. சங்கப் பெண் புலவர்களில் ஔவை ஒருத்திதான் வீட்டுக்குள் வந்தார், மற்றவர்கள் எல்லாம் நான் பார்த்த அந்தக் கடைசி ஃபாரத்திலேயே நின்றுவிட்டார்கள். நச்செள்ளை என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட இன்றைக்கும் யாருக்கும் தைரியம் வராது. எனக்கும் வராது.

ஆகவே டீட் போல். அப்பாவிடம் சொன்னேன், "முல்லைன்னுதானே நான் எப்பவும் கூப்பிடறேன்" என்றார். அவர் கணக்கில் எதுவும் மாறவில்லை. எனக்கு 'நன்' போவதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். முல்லை மட்டும் என்றால் அது பூ, திணை, கொடி எல்லாருக்கும் பொது. நன்முல்லை ஒருத்தியின் பெயர். ஆனால் ஒவ்வொரு நாளும் பத்துப் பேரிடம் எழுத்துக் கூட்டிச் சொல்லப்போகிறவள் நீ, நான் இல்லை. போடுவதானால் போடு. சென்றீ பெரும.

மாற்றிவிட்டால் பத்திரத்தின் நகல் ஒன்று அனுப்பு, இங்கே பேங்கில் நாமினி பெயர் மாற்ற வேண்டும். புதுப் பெயரைத் தமிழில் உன் கையாலேயே ஒரு தாளில் பெரிதாக எழுதி அதோடு வை. கவுண்டரில் அதைக் காட்டிக்கொள்கிறேன், இன்னொரு தடவை மூலையாகி வந்தால் அலைய எனக்குக் கால் இல்லை.

அன்புடன்,
அம்மா