செயல்திறன் அடிப்படையிலான நிதி குறித்துப் பணியாளர்களுக்குப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்
மருத்துவ அலுவலர் மற்றும் பணியாளர்கள்,
அரசு ஆரம்ப சுகாதார நிலையம்.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய அய்யா,

பொருள்: செயல்திறன் அடிப்படையில், அதாவது செய்த வேலையின் விளைவைப் பார்த்து, வரும் நிதியைக் கணக்கிடவும் பகிரவும் வட்டார அளவில் 2 நாள் பயிற்சி வேண்டுதல் தொடர்பாக.

வணக்கம். அரசு மருத்துவ நிலையங்களின் தூய்மைக்காக மத்திய அரசு தரும் காயகல்ப் விருதில், எங்கள் நிலையத்துக்குப் பாராட்டுப் பரிசாக 50,000 ரூபாய் வந்தது. அதில் 75 விழுக்காடு நிலைய மேம்பாட்டுக்கு, 25 விழுக்காடு பணியாளர்களுக்கு. எங்கள் பங்கு 12,500. நாங்கள் பதினோரு பேர். சமமாகப் பிரிப்பதா, வேலையைப் பார்த்துப் பிரிப்பதா? பிரசவ அறையைத் தினமும் இரண்டு வேளை கழுவிய தூய்மைப் பணியாளர் அம்மா ஒப்பந்த ஆள். அவருக்குப் பங்கு உண்டா? எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பேச்சு மூன்று வாரம் இழுத்தது. பரிசு வாங்கிய கையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம்.

தொகை சிறியதுதான். ஆனால் பெரிய பணமும் இப்போது இந்த வழியில்தான் வருகிறது. 2019-இல் உலக வங்கி 28.7 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்திலேயே, தரச் சான்று பெற்ற நிலையங்கள், கட்டுக்குள் வந்த இரத்த அழுத்தம், சர்க்கரை என்று விளைவைச் சரிபார்த்துத்தான் பணம் விடுவிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த விளைவுகள் கிளம்புவது எங்கள் பதிவேடுகளில் இருந்து. அங்கேதான் ஓட்டை.

மக்களைத் தேடி மருத்துவத்தில் ஓர் அம்மாவுக்கு வீட்டுக்கே மாத்திரை போகிறது. தன்னார்வலர் அழுத்தம் பார்த்து 134/86 என்று தம் நோட்டில் எழுதுகிறார். 140/90-க்குக் கீழே, நல்ல அளவு. அது கணினியில் ஏறாவிட்டால் அந்த அம்மா எங்கள் கணக்கில் ‘தொடர் சிகிச்சைக்கு வராதவர்’. சென்ற மாதம் நோட்டையும் கணினியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பக்கத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிச் சிக்கினார்கள். செய்த வேலை எண்ணிக்கைக்கு வரவில்லை. இதற்கு நேர்மாறானதும் நடக்கலாம், சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது: எண்ணுக்குப் பணம் என்று மட்டும் தெரிந்தால், 142 பேனா முனையில் 138 ஆகிவிடும். சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்பதும் பயிற்சியில் வர வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

ருவாண்டாவில், விளைவைப் பார்த்துப் பணம் தரும் இம்முறையை 166 சுகாதார நிலையங்களில் ஆராய்ந்தபோது, நிலையப் பிரசவம் 23 விழுக்காடு கூடியிருந்தது. நான்கு முறை கர்ப்பகாலப் பரிசோதனை முடித்தோர் எண்ணிக்கையோ கூடவில்லை. இங்கும் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போய்விடும் கர்ப்பிணியின் வருகை எந்த நிலையத்தின் கணக்கில் சேரும் என்பதில் எங்கள் செவிலியர்களுக்கு இன்னும் குழப்பம்தான்.

ஆகவே, சென்னையில் மருத்துவ அலுவலரை மட்டும் அழைத்துத் திரையில் படம் காட்டும் பயிற்சியாக இல்லாமல், எங்கள் வட்டாரத்திலேயே, எங்கள் பதிவேடுகளை மேசையில் விரித்து வைத்து நடத்தித் தர வேண்டுகிறோம். கிராம சுகாதார செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், தன்னார்வலர், முக்கியமாகக் கணினியில் பதிவு செய்பவர் ஆகியோரையும் அழைக்க வேண்டும். பங்கீட்டு விதி தமிழில் ஒரு பக்கமாக அச்சாகிச் சுவரில் ஒட்டக் கிடைத்தால் பாதிச் சண்டை தீரும்.

செவ்வாய் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன் தடுப்பூசி. வியாழன், வெள்ளி என்றால் பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் என்று மாறி மாறி வந்து, புறநோயாளிப் பிரிவை மூடாமல் சமாளித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருத்துவ அலுவலர் மற்றும் பணியாளர்கள்
(கையொப்பங்கள் 11)